இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்

கொல்லிமலை நீலமாகத் தெரிகிற தூரத்தில், நெடுஞ்சாலையின் இரு கரையிலும் நூற்றுப் பதினெட்டுப் பட்டறைகளை வைத்துக்கொண்டு, விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை இரும்போடு இரும்பு பேசிக்கொண்டிருக்கிற பட்டறைமேடு என்னும் ஊரிலே, வண்டிகளின் நோயைக் காதால் காண்பதே வழக்கமாக இருந்தது. மூடியைத் திறந்து பார்த்துப் பழுது சொல்கிறவனை அங்கே கற்றுக்குட்டி என்றார்கள். டீ குடித்தபடியே சாலையில் போகிற லாரிக்குக் காது கொடுத்து, "பின்பக்கத்துப் பேரிங் போயிருச்சு, நாமக்கல் தாண்டாது" என்று சொல்லி, அந்த லாரி நாமக்கல் தாண்டாமல் நின்றது என்ற செய்தியை மறுநாள் அதே டீக்கடையில் கேட்கப் பெற்றவனையே மெக்கானிக் என்றார்கள். நாற்பது ஆண்டுகளாக அந்த ஊரில் ஒருவர் வாயிலிருந்தும் 'தெரியவில்லை' என்ற சொல் வந்ததில்லை. அதை அவர்கள் தங்கள் செல்வமாகக் கருதினார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடியாதவன் எத்தனை பெரிய ஏழை என்பது, நண்பர்களே, அவர்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு நட்டை முழுவதுமாக முறுக்கி, அது கழன்றுவிடாதபடி குறுக்கே காட்டர் பின் என்கிற சிறு கம்பியைச் செருகி, கம்பியின் முனையை வளைத்துவிட்ட பிறகு, மெக்கானிக் மஞ்சள் பெயின்ட் டப்பாவில் விரலைத் தோய்த்து அந்த நட்டின் மேல் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்த நட்டை வேறொருவர் ஸ்பேனரால் தொடுவதில்லை. தொட்டால் வைத்தவரை நம்பவில்லை என்று பொருள். அப்படித் தொட்டுவிட்டதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகளும், முறிந்துபோன சம்பந்தங்களும் அவ்வூரில் உண்டு.

நூற்றுப் பதினெட்டுப் பட்டறைகளிலும் முதல் காது வையாபுரியுடையது. முதல் பொட்டும் அவருடையதே. ஐம்பத்திரண்டு வயதுக்காரர்; முன்சக்கரத்திலும் ஸ்டியரிங்கிலும் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று சேலம் முதல் கரூர் வரை பேச்சு.

ஆடி மாதம் ஆறாம் நாள் காலையில், அவ்வூருக்கு மாற்றலாகி வந்திருந்த கால்நடை மருத்துவர் குணவதி, தம்முடைய பழைய வெள்ளைக் காரை வையாபுரியின் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தென்காசிப் பக்கத்துப் பெண்மணி. கீரிப்பிள்ளையானாலும் அண்ணாச்சி என்றுதான் அழைப்பார் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

"அண்ணாச்சி, வண்டியில ஒரு சத்தம் வருது. நேராப் போனா இல்ல. வலப்பக்கம் திருப்புனாலும் இல்ல. இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்தான் கேக்கு."

"எந்த மாதிரிச் சத்தமுங்க, டாக்டரம்மா?"

குணவதி தயங்கினார். "அதை எப்படிச் சொல்ல? நீங்களே ஓட்டிப் பாருங்களேன்."

இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் வலப்பக்கத்து முன்சக்கரத்தின் ஆக்சில் மூட்டைப் பார்க்க வேண்டும். பாரம் அந்தப் பக்கம் சாயும்போதுதான் தேய்ந்த மூட்டு டக் டக்கென்று முனகும் என்பது பட்டறைமேட்டில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். வையாபுரி காரில் ஏறி, எடைமேடைக்கு எதிரில் உள்ள பொட்டல் மைதானத்துக்குப் போய், ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசி வரை ஒடித்து மெல்ல வட்டமடித்தார். சத்தம் வந்தது. டக் டக்கென்று வரவில்லை. கிண், கிண், பிறகு ஒரு மெல்லிய உராய்வு; மறுபடியும் கிண், கிண்.

வையாபுரி தலையைச் சாய்த்துக் கேட்டார். பின் போடாத நட்டு ஒன்று, கையால் மட்டும் திருகிவிடப்பட்ட நட்டு ஒன்று, ஸ்டியரிங் தண்டின் முனையில் மரை மரையாகப் பின்வாங்கிக்கொண்டிருக்கிற சத்தம் அது. அந்த நட்டு இந்தக் காருடையது அன்று. இதைவிட இரண்டு மடங்கு எடையுள்ள ஒரு வண்டியுடையது. எந்த வண்டி என்பதையும் அந்தக் காது அவருக்கு ஒளிக்கவில்லை. நூல் மில்லுக்குப் பெண்களை ஏற்றிச் செல்கிற அங்கமுத்துவின் சிவப்பு வேன்.

நடந்தது இதுதான். இருபது நாளைக்கு முன் அந்த வேனின் அடியில் படுத்து இடப்பக்கத்து ஸ்டியரிங் தண்டின் முனையை மாற்றிக்கொண்டிருந்தபோது, சங்ககிரியிலிருந்து வந்த லாரி முதலாளி ஒருவர், ஐந்து லாரிகளை வரிசையாக நிறுத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு எது பழுதென்று சொல்ல இந்த ஊரில் ஆள் உண்டா என்று சவால் விட்டார். "வையாபுரி அண்ணனைக் கூப்புடு!" என்று கடைவீதியே கத்தியது. வையாபுரி நட்டை விரலால் திருகி மாட்டினார். பெயின்ட் டப்பா திறந்திருந்தது, காய்ந்துவிடுமே என்று பொட்டையும் வைத்தார். திரும்பி வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று எழுந்து போனார். ஐந்து லாரியில் மூன்றாவது என்றார், சரியாக இருந்தது, விசில் பறந்தது, பொன்னாடை விழுந்தது. பொன்னாடையோடு திரும்பி வந்து குனிந்து பார்த்தார்; மஞ்சள் பொட்டு பளபளவென்று இருந்தது. தன் பொட்டைத் தானே நம்பினார். "எடுத்துட்டுப் போ அங்கமுத்து" என்றார்.

இவ்வளவும் ஒரே வட்டத்தில் அவருக்கு நினைவு வந்தது. காரை நிறுத்தினார், சத்தம் நின்றது. குணவதி ஓடி வந்து, "என்ன அண்ணாச்சி?" என்றார்.

"ஆக்சில் மூட்டுங்க. மாத்திப்புடலாம்" என்றார் வையாபுரி.

அங்கமுத்துவைக் கூப்பிட்டு வேனை மேடை ஏற்றிப் பார்த்தால் கால் மணி நேர வேலை. ஆனால் வையாபுரி தம் பொட்டின் மேல் தாமே ஸ்பேனர் வைப்பதை எதிர்ப் பட்டறை பார்க்கும். பக்கத்துப் பட்டறை பார்க்கும். மாலைக்குள் கரூர் வரை தெரியும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினார். நாளைக்கு என்பது மனிதன் தனக்குத்தானே வைத்துக்கொள்கிற மஞ்சள் பொட்டு.

ஆக்சில் மூட்டு மாறியது, சத்தம் மாறவில்லை. மறுநாள் பேரிங் மெக்கானிக் பெரியண்ணன் ஓட்டிப் பார்த்தார். முகம் வெளுத்து இறங்கி, "பேரிங்குதானுங்க, சந்தேகமே இல்ல" என்றார். பேரிங் மாறியது, சத்தம் மாறவில்லை. ஷாக் அப்சர்பர்காரர் ஷாக் அப்சர்பர் என்றார். பிரேக்காரர் பிரேக் என்றார். வெல்டிங்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடிச்சட்டத்தில் விரிசல் என்றார். ஆளுக்கொரு பக்கம் கழற்றி மாட்டியதில் நான்கே நாளில் அந்தக் காருக்குப் புதிய முன்பாகமே கிடைத்துவிட்டது. சத்தம் மட்டும் பழையபடியே இருந்தது. தோற்றுப்போகிறோம் என்கிற கவலை ஒருவருக்கும் இல்லை. காலையில் பட்டறை திறப்பதற்குள் மைதானத்தில் கூட்டம் கூடி, இன்றைக்கு யார் முறை, என்ன சொல்லப்போகிறார் என்று திருவிழாவுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் குணவதி காரின் முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"ஒரே மாட்டைப் பத்து டாக்டர் பார்த்து, பத்துப் பேரும் பத்து நோய் சொன்னா, அதுக்கு மேல மாட்டைக் குத்திப் பிரயோசனம் இல்ல அண்ணாச்சிமாரே. டாக்டர்களைத்தான் பரிசோதிக்கணும்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"முதல்ல என்னைப் பரிசோதிச்சுக்கிடுதேன். எனக்கு இதுல கேக்கது இரும்புச் சத்தமே இல்ல. ஒரு கன்னுக்குட்டி அழுகிற சத்தம். போன மாசம் சாயங்காலம் ஒருத்தர் போன் போட்டாரு, மாடு ஈனமாட்டாமக் கெடக்குன்னு. மழையா இருக்கு, காலையில வாரேன்னேன். காலையில போனேன். கன்னு இல்ல. அந்தச் சத்தத்தை நான் நேர்ல கேக்கவே இல்ல. இந்தக் கார்லதான் கேட்டேன். இப்பச் சொல்லுங்க, உங்களுக்கு நெசமா என்ன கேட்டுச்சு?"

 எடைமேடையில் ஏறிய லாரி ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது. அப்போது பெரியண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தரையில் போட்டு, "பேரிங்குதான் கேட்டுச்சுங்க டாக்டரம்மா! ஆனா உங்க பேரிங்கு இல்லீங்க, நான் மாட்டுன பேரிங்கு! பழசை மண்ணெண்ணெயில கழுவி, கிரீஸ் அப்பி, புதுசுன்னு ஒரு லாரியில மாட்டி விட்டுட்டேன்! அது இன்னைக்கு நாக்பூர்ப் பக்கம் போயிட்டிருக்கு!" என்று கத்திவிட்டு, அதே கையால் கைப்பேசியை எடுத்து, "மாப்ள, வண்டியை ஓரங்கட்டு! எங்க இருந்தாலும் ஓரங்கட்டு! ஏன்னு கேக்காதே, ஓரங்கட்டு!" என்று கத்தினார்.

ஓரங்கட்டியதும் அந்த ஓட்டுநர் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கை சுட்டதென்று சொன்ன செய்தி அரை மணியில் வந்தது. பெரியண்ணன் மைதானத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அழுது முடித்து எழுந்தவரின் முகம் மாப்பிள்ளை முகம் போல இருந்தது. பார்த்தவர்களுக்கு ஆசை வந்துவிட்டது.

அன்று முதல் அந்தக் காரை யாரும் பழுது பார்க்க முயலவில்லை. ரேஷன் கடையையும் தண்ணீர்த் தொட்டியையும் போல அதையும் ஊர் தன் பொதுச்சொத்தாக எடுத்துக்கொண்டது. மெக்கானிக்குகள் சங்கம் டோக்கன் அச்சடித்தது. ஒருவருக்கு இடப்பக்கமாக மூன்று சுற்று, அதற்கு மேல் இல்லை. பெட்ரோல் சங்கச் செலவு. டாக்டரம்மாவுக்கு மாடு பார்க்கப் போக வேண்டியிருந்தால் வரிசை அப்படியே நிற்க வேண்டும். பட்டறைக்காரர்களோடு நிற்கவில்லை. டீக்கடைப் பச்சமுத்து ஏறினார், பால் குவளையில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது என்று இறங்கினார். "அதைக் கேக்கக் காரெதுக்குடா, உன் டீயைக் குடிச்சாலே கேக்குதே" என்றார்கள். வார்டு உறுப்பினர் ஏறினார், போடாத சாலையில் ஓடாத ரோடு ரோலரின் சத்தம் கேட்டது என்று சொல்லாமலே இறங்கிப் போனார், மூன்றாம் நாள் ஜல்லி வந்து இறங்கியது. கல்யாணத் தரகர் ஏறினார், முதல் சுற்றிலேயே கதவைத் திறந்துகொண்டு குதித்து, பவானிக்குப் பஸ் ஏறிப் போய், மாப்பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்பதைப் பெண் வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். பெண்ணோ, தெரியும், அவரே சொல்லிவிட்டார் என்றாளாம். பக்கத்து ஊர்களிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். பட்டறைகளில் போனுக்கு மேல் போன். ஒரிசாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் லாரிகள் திரும்பி வந்தன. வந்ததையும் வராததையும் உள்ளூரில் இருந்ததையும் எல்லாம் கழற்றி, சக்கரம் வேறு அச்சு வேறாகப் பரப்பி, ஒன்றுவிடாமல் மறுபடியும் பார்த்தார்கள். பத்தாம் நாளில், டாக்டரம்மாவின் காரையும், வையாபுரியின் பொட்டு இருந்ததால் ஒருவரும் தொடாத சிவப்பு வேனையும் தவிர, பட்டறைமேட்டில் நான்கு சக்கரமும் உள்ள வண்டி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அத்தனை கலகலப்பை அந்தக் கடைவீதி அதற்கு முன் கண்டதில்லை. குற்றத்தை மறைத்து வைக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பது, அதை இறக்கி வைத்தவனுக்குத்தான் தெரியும். மிச்சப்பட்ட பலத்தையெல்லாம் வைத்துக்கொண்டு அவர்கள் பாடினார்கள், கடன்பட்டது போல வேலை செய்தார்கள், முகம் திருப்பிக்கொண்டிருந்த பங்காளியின் தோளில் கை போட்டார்கள்.

வையாபுரி மட்டும் மைதானத்துப் பக்கம் வரவில்லை.

"வையாபுரி அண்ணன் டோக்கன் வாங்கலையா?" என்று யாரோ கேட்டால், "அவருக்கு என்னடா கேக்கப்போகுது? அவர் மறுபடி ஏறுனா கார்தான் வாயை மூடிக்கும்" என்று பதில் வரும். அந்தப் புகழ்ச்சி பட்டறைக்குள் உட்கார்ந்திருக்கிற வையாபுரியின் காதில் ஆணியாக இறங்கும். நாள்தோறும் மூன்று வேளை சிவப்பு வேன் வாசலைக் கடந்து போகும். உள்ளே பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும். அங்கமுத்து ஹார்ன் அடித்து, "வர்றனுங்க அண்ணா!" என்பான். வையாபுரி கையைத் தூக்குவார். தூக்கிய கையை நீட்டி நிறுத்து என்று சொன்னால் போதும். சமதரைச் சாலைதானே, மெதுவாகத்தானே போகிறான், நாளைக்கு என்று கையை இறக்கிக்கொள்வார்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. காலை எட்டு மணிக்கு அவர் மனைவி துளசிமணி இட்லித் தட்டை வைத்துவிட்டு, "நானும் போயிருக்கலாம். மில்லுப் பொம்பளைங்க எல்லாம் கொல்லிமலைக் கோயிலுக்குக் கிளம்பிட்டாங்க. வா வான்னு பாவாயி அத்தனை கூப்பிட்டாள்" என்றாள்.

"எந்த வண்டியில?"

"அங்கமுத்து வண்டியிலதான். இருபத்தோரு பேரு. போயி முக்கால் மணி நேரமாச்சு."

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்க வேண்டும். வையாபுரி கை கழுவவில்லை. அங்கமுத்துவுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது ஒரு பெண் குரல். செருப்பில்லாமல் வாசலில் இறங்கி, பக்கத்துப் பட்டறைக்கு ஓடினார். கார் இருந்தது, சக்கரம் இல்லை. எதிர்ப் பட்டறைக்கு ஓடினார். ஜீப் இருந்தது, இஞ்சின் தரையில் இருந்தது. கடைவீதி முழுக்க ஓடினார். அந்த ஊரின் நேர்மையெல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரு வண்டியும் மிச்சம் வைக்கவில்லை. ஓடக்கூடிய வண்டி ஒன்றே ஒன்று எடைமேடை மைதானத்தில் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எண்பது பேர் பார்க்க அவர் அதன் குறுக்கே போய் நின்று இரு கைகளையும் விரித்தார்.

"டாக்டரம்மா, வண்டியைக் குடுங்க! அங்கமுத்து வேனுக்கு நான் பின்னு போடலைங்க! முறுக்கவே இல்லைங்க! முறுக்காம பொட்டு வெச்சேன்! முதல் நாளே எனக்குக் கேட்டுச்சு, நான் ஆக்சில்னு பொய் சொன்னேன்! வேன் மலை ஏறிட்டிருக்கு!"

வாழ்நாளில் அவர் சேர்த்த பெயர் முழுவதும் நான்கு மூச்சில் போயிற்று. கூட்டம் அசையவில்லை. யாரேனும் ஒருவர் சீ என்றிருந்தால் கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் பெரியண்ணன்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார், வந்து, தம் சட்டைப்பையிலிருந்த காட்டர் பின்கள் அனைத்தையும் அள்ளி அவர் கையில் திணித்து, ஸ்பேனரையும் இடுக்கியையும் ஜாக்கியையும் காருக்குள் எறிந்து, "பேசறதைத் திரும்பி வந்து பேசுங்க மாமா! ஏறுங்க!" என்றார்.

குணவதி ஓட்டினார். மாடு பார்க்கக் கிளம்புகிறவரைப் போல நிதானமாகத்தான் கியர் போட்டார். ஆனால் முள் எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை. அடிவாரத்து டீக்கடையில் ஒரு கணம் நிறுத்தி, சிவப்பு வேன் போயிற்றா என்று கேட்டார்கள்.

"இப்பத்தான் போகுதுங்க" என்றாள் கடைக்காரி. "ஸ்டியரிங்கு ஆடறாப்புல இருக்குன்னு அந்த டிரைவர் தம்பி கீழ படுத்துக்கூடப் பார்த்துச்சு. அப்புறம், 'அட, வையாபுரி அண்ணன் பொட்டு இருக்குது, இதுல நாம என்ன பாக்கறது'ன்னு எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு ஏறிப் போயிருச்சு. யாருங்க அந்த வையாபுரி? பெரிய ஆளுங்களா?"

 குணவதி காரைப் பறக்கவிட்டார்.

முதல் இடப்பக்கத்து வளைவில் சத்தம் வந்தது. இந்த முறை வையாபுரி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணை மூடி, நோயாளியின் நாடியைப் பிடிக்கிறவரைப் போல அந்தச் சத்தத்தைப் பிடித்தார். கிண், கிண்.

"ஆறு மரையில நிக்குது" என்றார்.

"நிக்குமா அண்ணாச்சி?"

"ஓட்டுங்க டாக்டரம்மா."

அடுத்த இடப்பக்கத்து வளைவிலும் ஆறு. அதற்கடுத்ததில் ஐந்து. சாலையோரத்தில் வளைவுகளின் எண் எழுதிய பலகைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்பது, பத்து, பதினொன்று. குரங்குகள் சுவரிலிருந்து தாவின. கீழே நெல் வயல்கள் சிறிய கைக்குட்டைகளாயின. "நாலு" என்றார் வையாபுரி. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கார் சுவரை உரசியது. "எனக்குக் கன்னு அழுதுக்கிட்டே இருக்கு" என்றார் குணவதி, சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல். "அழட்டும். அழுகிற வரைக்கும் நான் தாமசிக்க மாட்டேன்." பதினேழாம் வளைவில் மூன்று. இருபத்தொன்றில் இரண்டு. இருபத்தைந்தில், நட்டு நடுங்குகிற நடுக்கம் அவர் பற்களிலேயே தெரிந்தது. "ஒண்ணுதான்! ஒரே மரை!"

இருபத்தேழாம் வளைவில் குணவதி ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசி வரை ஒடித்தார். சத்தம் இல்லை.

வையாபுரி கண்ணைத் திறந்தார். அத்தனை நாள் எந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று ஒளிந்திருந்தாரோ, அந்தச் சத்தத்துக்காக அவருடைய உடம்பு முழுவதும் ஏங்கியது.

"விழுந்திருச்சு" என்றார். "நட்டு விழுந்திருச்சு. இப்ப அந்த முனை குழியில சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒரு குலுக்கல்ல வந்திரும். அடிங்க டாக்டரம்மா! ஹார்ன் அடிங்க!"

முப்பதாம் வளைவைத் தாண்டிய நேர்ச்சாலையில் சிவப்பு வேன் தெரிந்தது. குணவதி ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. அங்கமுத்து நல்ல டிரைவர். பின்னால் வருகிறவருக்கு அவசரம் போலிருக்கிறது என்று ஓரம் ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, போங்கள் போங்கள் என்று மரியாதையாக வழிவிட்டான். வேனுக்குள் பெண்கள் கும்மிப் பாட்டில் இருந்தார்கள். வையாபுரி இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே வந்து, "நிறுத்துடா! ஒடிக்காதே! ஒடிக்காதே!" என்று கத்தினார். அவரைக் கண்ட பெண்கள், நம் ஊர்க்காரர்தான், கோயிலுக்குப் போகிறார் என்று கையசைத்தார்கள். கார் வேனைக் கடந்தது. முப்பத்தொன்றாம் வளைவுக்குப் பத்து கஜத்துக்கு இப்பால் சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. வேன் கிறீச்சிட்டு, காரின் கதவை முத்தமிடுகிற தூரத்தில் நின்றது.

"என்னங்கண்ணா இது?" என்று இறங்கினான் அங்கமுத்து.

வையாபுரி வேனின் இடப்பக்கத்து முன்சக்கரத்தருகே மண்டியிட்டு, தண்டின் முனையைப் பிடித்துக் கையால் இழுத்தார். அது பழம் காம்பிலிருந்து வருவதுபோலக் கையோடு வந்தது. அங்கமுத்து அதைப் பார்த்தான்; முப்பத்தொன்றாம் வளைவைப் பார்த்தான்; வளைவுக்கு அப்பால் வெறும் வானமாக இருப்பதைப் பார்த்தான்; அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டான்.

இருபத்தோரு பெண்களும் இறங்கினார்கள். வையாபுரி எழுந்து, மைதானத்தில் சொன்னதை மறுபடியும் சொன்னார். இம்முறை கத்தாமல், ஒரு சொல்லையும் விடாமல், பொன்னாடையையும் சேர்த்து, பதினோரு நாள் கையசைத்து அனுப்பியதையும் சேர்த்துச் சொன்னார். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "அட பாவி மனுசா" என்றாள். அவர்களில் மூத்தவளான பாவாயி, மில்லில் முப்பது வருடம் நூலறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முடிபோட்டவள், கடைசி வரை கேட்டுவிட்டு, "இப்ப அந்த நட்டு எங்க?" என்றாள்.

"கீழ எங்கியோ. இருபத்தொன்பதாம் வளைவு பக்கமா இருக்கும்."

"அப்ப நின்னுட்டிருந்தா எப்படி? வாங்கடி."

மலைச்சாலை முழுவதும் பட்டுச்சேலைகள் பரவின. புல்லை விலக்கினார்கள், ஓடையில் கைவிட்டார்கள், எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி அதன் சக்கரத்துக்குக் கீழே பார்த்தார்கள். வையாபுரி கையும் காலுமாகத் தவழ்ந்தார். இருபத்தொன்பதாம் வளைவின் சுவரடியில், சருகுக்குள் மஞ்சளாக எதையோ கண்டு, பூ என்று நினைத்துக் குனிந்த ஒருத்தியின் கையில் அது கிடைத்தது.

அவர் வேனின் அடியில் படுத்தார். நட்டை மாட்டினார். ஸ்பேனரில் முழு எடையையும் போட்டு முறுக்கினார். பெரியண்ணனின் பின்னைச் செருகி, முனையை இரு பக்கமும் வளைத்தார். அங்கமுத்துவைக் கூப்பிட்டு, அவன் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து, "இழு; ஆட்டு; இன்னும் இழு" என்றார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் வேலையின் மேல் இன்னொருவன் கை பட்டது.

வெளியே வந்து, அழுக்குக் கையோடு பெண்களின் முன்னால் நின்று, தரையைப் பார்த்துச் சொன்னார்: "இனி ஒண்ணும் ஆகாதுங்க. வண்டி நல்லாருக்கு. நீங்க போயிட்டு வாங்க. நான் நடந்தே இறங்கிக்கறேன்."

மன்னிப்பு என்பது சொல்லால் கேட்கப்பட்டுச் சொல்லால் கொடுக்கப்படுவது என்று எண்ணியிருப்பவர்கள் பாவாயியின் பதிலைக் கேட்க வேண்டும். அவள் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேனையும் மலையையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அதெப்படிங்க நடந்து இறங்குவீங்க? வண்டி நல்லாருக்குன்னு நீங்க வாயால சொன்னா நாங்க நம்ப மாட்டோம். வாயால சொல்லித்தானே இம்புட்டும் ஆச்சு. ஏறி முன்சீட்டுல, பள்ளத்துப் பக்கமா உக்காருங்க. அப்ப நம்பறோம்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். உயிர் தப்பியவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது, அடக்க அடக்க வந்துகொண்டே இருந்தது. "இடம் பத்தாதேடி" என்றாள் ஒருத்தி. "என் பேத்தியை மடியில வெச்சுக்கட்டும்" என்றாள் பாவாயி. சொன்னதோடு நில்லாமல், நான்கு வயதுப் பேத்தியைத் தூக்கி, கிரீஸ் ஒட்டிய அந்தக் கைகளில் கொடுத்தும்விட்டாள்.

வையாபுரி ஏறினார். குழந்தை அவர் மார்பில் சாய்ந்துகொண்டு காலை ஆட்டியது. அவர் அதை ஒரு கையால் அணைத்து, மறு கையால் முன்கம்பியை இறுகப் பிடித்து, காதைத் திறந்து வைத்துக்கொண்டார். குணவதி காரைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார். அங்கமுத்து, "போலாங்களாண்ணா?" என்று கேட்டான்.

"போலாம்" என்றார் வையாபுரி.

இன்னும் நாற்பது வளைவுகள் இருந்தன. முதலாவது இடப்பக்கம்.